பெக் வாஃபிங்டன்: ஆண் வேஷத்தால் வந்த புகழா, நடிப்பால் வந்த புகழா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டு அயர்லாந்து நடிகை பெக் வாஃபிங்டனைப் பற்றி எங்கோ படித்திருக்கிறீர்கள். சிறு வயதில் கயிற்றின்மேல் நடப்பவரின் காலில் கட்டிய கூடையில் தொங்கினார், மேடையில் சக நடிகையைக் கத்தியால் குத்தினார், கடைசியில் மேடையிலேயே விழுந்து இறந்தார், ஆண் வேஷம் போட்டதால்தான் அவருக்கு அத்தனை புகழ் என்றெல்லாம் அதில் இருந்ததாம். இவற்றில் எது உண்மை என்று கேட்கிறீர்கள்.

நான்கு செய்திகளைச் சரிபார்க்கச் சொல்வதுபோல இருந்தாலும், கேள்வியின் உயிர் கடைசி வரியில்தான் இருக்கிறது. அவர் நல்ல நடிகையா, இல்லை, ஒரு பெண் கால்சட்டை போட்டு மேடையேறியதைப் பார்க்கக் கூட்டம் கூடியதா? கல்லூரியில் ஆங்கில நாடக வரலாறு 24 ஆண்டுகள் நடத்தியிருக்கிறேன். ஆண்டுக்கு ஒரு நாடகமாவது மாணவர்களை வைத்துப் போட்டிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அவர் நல்ல நடிகை, அதிலும் கடுமையாக உழைத்த நடிகை. ஆண் வேஷம் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். உள்ளே போய் கிட்டத்தட்ட 17 ஆண்டுகள் லண்டனிலும் டப்ளினிலும் நின்று காட்டியது வேறு திறமை. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அவரைப் பற்றி நமக்குத் தெரிவது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைய நாடக நோட்டீஸ்களும் செய்தித்தாள் விளம்பரங்களும் ஒரு வகை. எந்தத் தேதியில், எந்தக் கொட்டகையில், என்ன பாத்திரம் என்பதை இவற்றிலிருந்து பெரும்பாலும் உறுதியாகச் சொல்லிவிடலாம். இரண்டாவது வகை, அவரோடு பழகிய நாடகக்காரர்கள் பல ஆண்டுகள் கழித்து எழுதிய நினைவுக் குறிப்புகள். தாமஸ் டேவிஸ் 1780இல் எழுதினார், நடிகை ஜார்ஜ் ஆன் பெல்லமி 1785இல், டேட் வில்கின்சன் 1790இல். வாஃபிங்டன் இறந்தது 1760. ஆக, இருபது முப்பது வருடம் கழித்து, விற்பனையையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதிய புத்தகங்கள் இவை. மூன்றாவது வகை 19ஆம் நூற்றாண்டுக் கற்பனை. சார்லஸ் ரீட் என்ற எழுத்தாளர் இன்னொருவரோடு சேர்ந்து அவரைப் பற்றி ஒரு நாடகம் எழுதி, 1853இல் அதை நாவலாகவும் வெளியிட்டார். பிற்காலத்தில் பலர் மனதில் பதிந்த வாஃபிங்டன் அந்த நாவலின் வாஃபிங்டன்தான். ஒரு கதை கையில் கிடைத்தால் அது இந்த மூன்றில் எதிலிருந்து வந்தது என்று கேளுங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சரி, கூடைக் கதைக்கு வருவோம். டப்ளினில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கொத்தனார், சீக்கிரமே இறந்துவிட்டார். அம்மா துணி வெளுத்துப் பிழைத்தார். குழந்தை பெக் தெருவில் கீரை விற்றதாகவும் சொல்வார்கள். வறுமை உண்மை, கீரைக்கூடை பிற்காலத்தவர் சொன்னது. பிறந்த ஆண்டே தகராறில் இருக்கிறது. 1720 அக்டோபர் 18 என்பது வழக்கமாகச் சொல்லும் தேதி. 1714 வரை பின்னால் கொண்டுபோகிறவர்களும் உண்டு. மேடம் வியோலாந்தே என்ற கழைக்கூத்துக் கலைஞர் டப்ளினில் கொட்டகை போட்டு, சிறுவர் சிறுமியரை வைத்து நாடகம் நடத்தியதும், அதில் வாஃபிங்டன் நடித்ததும் உறுதி. வியோலாந்தே கயிற்றில் நடக்கும்போது இரண்டு கால்களிலும் கூடைகளைக் கட்டி, ஒன்றில் இந்தச் சிறுமியை உட்கார வைத்தார் என்பதுதான் கதை. அப்படி ஒரு வித்தையை அவர் செய்திருக்கக்கூடும். ஆனால் அந்தக் கூடையில் இருந்தது இவர்தான் என்பதற்கு அக்காலத்துச் சான்று கிடையாது. புகழ் வந்த பிறகு பின்னோக்கிப் போய் ஒட்டவைத்த கதை என்றே நினைக்கிறேன்.

அந்தச் சிறுவர் கம்பெனியில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஜான் கே எழுதிய 'பிச்சைக்காரர் ஓப்பரா' 1728 ஜனவரியில் லண்டனில் அரங்கேறி ஊரையே கலக்கிய இசை நாடகம். வியோலாந்தே அதைக் குழந்தைகளை வைத்தே போட்டார். 1732இல் அந்தக் குழு லண்டனுக்கும் வந்தது. அங்கே வாஃபிங்டன் போட்டது மெக்ஹீத் என்ற வழிப்பறிக் கொள்ளைக்காரனின் வேஷம். அதாவது நாடகத்தின் நாயகன். ஆணாக நிற்பதும் நடப்பதும், கத்தியை இடுப்பில் சுமப்பதும் சின்ன வயதிலேயே உடம்பில் ஏறிய பாடம். பின்னால் வந்த வெற்றியைத் திடீர் அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டப்ளினில் ஆஞ்சியர் தெருக் கொட்டகையில் சில ஆண்டுகள். 1737இல் அங்கே 'ஹாம்லெட்'டில் ஒஃபீலியாவாக வந்தார். 1740 வசந்தத்தில் அதே ஊரில் முதன்முதலாக சர் ஹாரி வைல்டேர் வேஷம் போட்டார். அந்தப் பாத்திரம்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

வைல்டேர் வருவது ஜார்ஜ் ஃபார்குவார் 1699இல் எழுதிய 'நிலையான ஜோடி' என்ற நகைச்சுவை நாடகத்தில். ஃபார்குவாரும் அயர்லாந்துக்காரர். டெர்ரியில் பிறந்து, டப்ளினில் படித்து, அங்கேயே ஸ்மாக் ஆலி கொட்டகையில் நடிகராகத் தொடங்கியவர். வைல்டேர் பணக்கார இளைஞன். பிரான்சிலிருந்து அப்போதுதான் திரும்பியிருக்கிறான், எதற்கும் கவலைப்படமாட்டான், சண்டைக்கு அழைத்தாலும் சிரித்துக்கொண்டே நழுவுவான், பெண்களைத் துரத்துவான். அந்த வேஷத்தை முதலில் போட்டு அதைத் தன் சொத்தாகவே ஆக்கிக்கொண்டவர் ராபர்ட் வில்க்ஸ். அவரும் டப்ளின் பக்கத்துக்காரர். 1732இல் வில்க்ஸ் இறந்தார். வைல்டேர் வேஷத்தில் அவரோடு ஒப்பிடத்தக்கவர் என்று ஒருவரும் எழவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்து மேடையில் பெண்கள் நடிக்கத் தொடங்கியது 1660இல். அதற்கு முன் பெண் வேஷமெல்லாம் பையன்களுக்கு. பெண்கள் வந்த சில ஆண்டுகளிலேயே அவர்களுக்குக் கால்சட்டை மாட்டிவிடும் வழக்கமும் வந்துவிட்டது. தரையைத் தொடும் பாவாடைகளின் காலத்தில் பெண்ணின் கால் வடிவத்தைப் பார்க்க ஆண்கள் காசு கொடுத்தார்கள். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அப்படி வந்த வேஷங்களில் மிகப் பல ஒரே மாதிரி. கதையில் ஒரு பெண், ஏதோ காரணத்துக்காக ஆணாக மாறுவேடம் போடுவாள், கடைசிக் காட்சியில் கூந்தலை அவிழ்த்துக் காட்டுவாள். ஷேக்ஸ்பியரின் ரோஸலிண்ட் அப்படி. ஃபார்குவாரின் 'ஆள் சேர்க்கும் அதிகாரி' நாடகத்தில் வரும் சில்வியாவும் அப்படித்தான். இதில் நடிகை ஆணாக முழுசாக நம்பவைக்கத் தேவையில்லை. உள்ளே பெண் இருக்கிறாள் என்று பார்ப்பவருக்குத் தெரிவதில்தான் ருசியே இருக்கிறது. வைல்டேர் அப்படியில்லை. அவன் ஆண். கூந்தலை அவிழ்க்கும் காட்சி கிடையாது. ஐந்து அங்கமும் ஆணாகவே இருந்து, ஆணாகவே போக வேண்டும்.

1740 நவம்பர் 6 அன்று லண்டன் கோவென்ட் கார்டன் கொட்டகையில் சில்வியாவாக வாஃபிங்டன் அறிமுகமானார். கொட்டகை முதலாளி ஜான் ரிச். அவரைப் பார்க்க இவர் பத்தொன்பது முறை நடந்தார், கடைசியில் பார்த்தபோது ரிச்சைச் சுற்றி இருபத்தேழு பூனைகள் இருந்தன என்று ஒரு கதை உலவுகிறது. ரிச்சுக்குப் பூனைப் பிரியம் இருந்தது உண்மை. அந்த எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். சில்வியா போட்டு பதினைந்து நாள் கழித்து, நவம்பர் 21 அன்று, வைல்டேர். முதல் வாரங்களில் மாறுவேடப் பெண், அடுத்து முழு ஆண். திட்டமிட்ட வரிசைதான் அது. லண்டன் அசந்துபோனது. அந்த நாடகப் பருவத்தில் இருபது இரவுகள் போல அது ஓடியது. இரவுக்கு இரவு நாடகத்தை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் அது பெரிய எண்ணிக்கை.

இதைக் கவர்ச்சி என்று மட்டும் சொல்லி ஒதுக்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய நடிகர் டேவிட் கேரிக் பிறகு அதே வைல்டேரைப் போட்டுப் பார்த்தார். எடுபடவில்லை. விட்டுவிட்டார். ஒரு ஆண் பாத்திரத்தில், அதுவும் கேரிக்கோடு ஒப்பிட்டு, ஒரு பெண்ணே சிறந்தவர் என்று பார்வையாளர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். கால் அழகைப் பார்க்க வந்த கூட்டம் ஒரு வாரத்தில் கலைந்துவிடும். வாஃபிங்டனோ அந்த வேஷத்தைப் பதினேழு வருடம், கடைசிப் பருவம் வரை போட்டுக்கொண்டிருந்தார்.

என் மாணவிகளை ஆண் வேஷத்தில் நடிக்கவைத்த அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். தொடக்கத்தில் எல்லோரும் குரலைக் கனமாக்கிக்கொள்வார்கள், மார்பை நிமிர்த்திக்கொள்வார்கள். ஐந்து நிமிடத்தில் அது சலித்துவிடும். ஆணாக நடிப்பது சோம்பலில் இருக்கிறது. நாற்காலியில் சாய்வது, பதில் சொல்ல அவசரப்படாமல் இருப்பது, இடம் தனக்குச் சொந்தம் என்பதுபோல நிற்பது, இதெல்லாம் வர வேண்டும். வைல்டேர் மாதிரி அலட்சியமான பணக்கார இளைஞனுக்கு இந்தச் சோம்பல்தான் உயிர். தெருவில் வளர்ந்த துணி வெளுப்பவரின் மகள் அதைக் கூர்ந்து பார்த்துக் கற்றிருக்கிறார். மேடையின் ஓரங்களிலேயே பிரபு வீட்டுப் பையன்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காலம் அது. அசலும் நகலும் சில அடி இடைவெளியில்! அப்படிப்பட்டவர்கள் முன்னால் அவர்களையே நடித்துக் காட்டுவது எத்தனை துணிச்சல் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன்.

1741இல் லண்டனின் ட்ரூரி லேன் கொட்டகைக்கு மாறினார். அங்கே ஷேக்ஸ்பியர் நாடகத்தில் கேரிக்கின் லியர் மன்னனுக்கு மகள் கார்டீலியாவாக வந்தார். 1742 கோடையில் இருவரும் டப்ளின் போய் ஸ்மாக் ஆலியில் நடித்தார்கள். அந்த ஆண்டு டப்ளினுக்கு நல்ல ஆண்டு. ஏப்ரல் 13 அன்றுதான் ஹேண்டலின் 'மெசையா' அங்கே முதன்முதலாக ஒலித்திருந்தது. கோடை வெயிலில் கொட்டகைக்குள் அடைந்த கூட்டத்தால் நோய் பரவி, அதற்கு 'கேரிக் காய்ச்சல்' என்றே பெயர் வந்தது. கேரிக்கின் முதல் ஹாம்லெட் அந்த டப்ளின் பருவத்தில்தான், ஒஃபீலியா வாஃபிங்டன். இருவரும் சில ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்ததும் உண்மை. லண்டனில் ஒரே வீட்டில் இருந்து, மாதம் மாறி மாதம் செலவைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அவர் தேநீரை ரொம்பக் கெட்டியாகப் போட்டுவிட்டார் என்று கேரிக் முணுமுணுத்ததை எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் நேரில் இருந்து பார்த்துச் சொன்னது, ஜான்சனின் வாழ்க்கையை எழுதிய பாஸ்வெல்லின் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது. திருமணம் வரை பேச்சு போய் முறிந்தது என்பார்கள். அதன் விவரங்களெல்லாம் மற்றவர் வாய்வழி வந்தவை. கேரிக் 1749இல் வேறொருவரை மணந்தார். இதற்குமேல் அந்தக் காதலைத் தோண்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அதற்குச் செலவழித்த பக்கங்களில் பாதியையாவது அவர் நடிப்புக்குச் செலவழித்திருந்தால் நமக்கு நன்றாக இருந்திருக்கும்.

குறையையும் சொல்ல வேண்டும். அவருடைய குரல் நன்றாக இல்லை. நண்பர், பகைவர் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம் அது. கரகரப்பான, கீச்சென்ற குரல். நகைச்சுவையில் அது உறுத்தவில்லை, ஆண் வேஷத்தில் உதவியும் இருக்கலாம். சோக நாடகத்தில் இடித்தது. 'ஊரே கொண்டாடுகிறது, ஆனால் மோசமான நடிகை, உயிர்ப்பு மட்டும் இருக்கிறது' என்ற பொருளில் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் 1741இல் ஒரு கடிதத்தில் எழுதினார். அவர் ரசனை அப்படி. வாஃபிங்டன் இந்தக் குறையை மறைத்துக்கொண்டு இருக்கவில்லை. பாரிஸுக்குப் போய் அங்கே சோக நாடகத்தில் கொடிகட்டிப் பறந்த தியூமெனில் அம்மையாரின் நடிப்பைப் பார்த்துப் பாடம் கேட்டு வந்தார். அப்போது அவர் லண்டனில் உச்சத்தில் இருந்த நட்சத்திரம். அந்த உயரத்தில் இருந்துகொண்டு மறுபடி மாணவியாகப் போய் உட்காருவது எளிதல்ல.

எனக்கு அவர் மேல் மதிப்பு வந்தது வைல்டேரால்கூட அல்ல, டேவிஸ் எழுதியிருக்கும் ஒரு சின்னக் குறிப்பால். 'கமிட்டி' என்ற பழைய நாடகத்தில் மிஸஸ் டே என்று ஒரு கிழவி வருவாள். பாசாங்கும் பகட்டும் நிறைந்த, மரியாதை தெரியாத நகரத்துக் கிழவி. லண்டனின் பேரழகி என்று பெயர் வாங்கிய வாஃபிங்டன் அந்த வேஷத்தை ஏற்று, முகத்தில் சுருக்கங்களை வரைந்துகொண்டு, மட்டமான உடைகளை மாட்டிக்கொண்டு வந்தார் என்கிறார் டேவிஸ். அழகுதான் தன் மூலதனம் என்று நினைக்கிற நடிகை இதைச் செய்யமாட்டார். இன்றைக்கும் செய்யத் தயங்குவார்கள். கம்பெனியில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் சின்ன வேஷத்தையும் ஏற்று மேடையேறுவார், தான் நோயாக இருந்தால்கூடப் பார்வையாளர்களை ஏமாற்றமாட்டார் என்றும் சமகாலத்தவர் எழுதியிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு என் கையில் இருக்கும் நல்ல ஆதாரம் டப்ளின் வசூல் கணக்கு. 1751இல் தாமஸ் ஷெரிடன் அவரை ஸ்மாக் ஆலிக்கு அழைத்தார். ஒரு பருவத்துக்கு 400 பவுண்டு சம்பளம். அடுத்த பருவம் 800 பவுண்டு. ஷெரிடன் வள்ளல் அல்ல, கணக்குப் பார்க்கிற முதலாளி. முதல் பருவத்தில் நான்கு பாத்திரங்களை வாஃபிங்டன் பத்துப் பத்து இரவுகள் போட்டதில் 4000 பவுண்டுக்கு மேல் வசூலானதாக அன்றைய டப்ளின் நாடகப் பதிவுகள் சொல்கின்றன. எந்த நான்கு என்று பாருங்கள். லேடி டவுன்லி, சீட்டாட்டத்திலும் கேளிக்கையிலும் குடும்பத்தை மறந்த பணக்கார மனைவி. மரியா, நகைச்சுவை நாடகத்தின் துடுக்குப் பெண். ஹெர்மியோன், பிரெஞ்சுச் சோக நாடகத்தின் பொறாமை பிடித்த இளவரசி. நான்காவதுதான் வைல்டேர். நாற்பது இரவுகளில் கால்சட்டை போட்டது பத்து இரவுதான். மீதி முப்பது இரவும் பாவாடையோடு வந்து கொட்டகையை நிரப்பியிருக்கிறார். குரல் சரியில்லை என்று சொல்லப்பட்ட சோக வேஷம் உட்பட. புகழுக்குக் காரணம் ஆண் வேஷம்தான் என்றால் இந்தக் கணக்கை எப்படி விளக்குவது?

அந்த டப்ளின் ஆண்டுகளில் இன்னும் இரண்டு விஷயங்கள். ஷெரிடன் நடத்திய 'பீஃப்ஸ்டேக் கிளப்' என்ற விருந்து வட்டத்தில் இருந்த ஒரே பெண் வாஃபிங்டன்தான். தலைமை நாற்காலியும் அவருக்கே. அரசுப் பக்கத்துப் பெரிய மனிதர்கள் கூடும் இடம் அது. இன்னொன்று, கத்தோலிக்கராக வளர்ந்த அவர் 1752 வாக்கில் கேவன் மாவட்டத்தில் இருந்த ஷெரிடனின் கிராமத்து வீட்டுக்குப் போய், அந்தப் பகுதியில் ஒரு பாதிரியார் முன் புராட்டஸ்டன்ட் சமயத்துக்கு மாறினார். காரணத்தை அவர் எழுதி வைக்கவில்லை. ஆனால் 1704 முதல் அயர்லாந்தில் இருந்த சட்டப்படி, ஒரு கத்தோலிக்கர் புராட்டஸ்டன்ட்டிடமிருந்து நிலத்தை வாரிசாகப் பெற முடியாது. பழைய நாடக நிர்வாகி ஓவன் மக்ஸ்வீனி அவருக்குச் சொத்தை எழுதி வைக்க விரும்பினார், 1754இல் இறந்தபோது அப்படியே விட்டும் போனார். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் தவறாகப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன். கையில் சேமிப்பு எதுவும் இல்லாமல் தொடங்கிய ஒரு பெண்ணுக்கு முதுமைக்கு ஒரு பிடிப்பு தேவைப்பட்டது. அதற்காக அவரைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

அந்த நல்ல காலம் ஒரே இரவில் முடிந்தது. 1754 மார்ச் 2. வோல்தேரின் 'முகமது' நாடகத்தின் ஆங்கில வடிவம். அயர்லாந்து நாடாளுமன்றத்தில் அரசுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் கடும் மோதல் நடந்துகொண்டிருந்த நேரம். ஊழல் ஆட்சியாளர்களைத் தாக்கும் வசனத்தை நடிகர் வெஸ்ட் டிக்ஸ் பேசியதும், 'இன்னொரு தரம் சொல்' என்று கூட்டம் கத்தியது. வசனத்தைத் திரும்பச் சொல்வது பற்றி ஷெரிடன் ஏற்கெனவே நடிகர்களிடம் கண்டிப்பாகப் பேசியிருந்தார். டிக்ஸ் தயங்கினார். ஷெரிடனைக் கூப்பிட்டார்கள். அவர் வீட்டுக்குப் போய்விட்டார். கூட்டத்தைச் சமாதானப்படுத்த வாஃபிங்டனை மேடைக்கு அனுப்பினார்கள். ஊர் கொண்டாடிய நடிகைதான், ஆனால் அன்றைக்கு அவர் பேச்சும் எடுபடவில்லை. பீஃப்ஸ்டேக் கிளப் தொடர்பும் கூட்டத்தின் மனதில் இருந்திருக்கும். கொட்டகையின் உட்புறத்தை உடைத்து நொறுக்கினார்கள். அந்த ஆண்டே அவர் கோவென்ட் கார்டனுக்குத் திரும்பிவிட்டார்.

கத்திக்குத்துக் கதை இந்தக் கடைசி லண்டன் ஆண்டுகளைச் சேர்ந்தது. 'போட்டி அரசிகள்' என்ற நாடகத்தில் ராக்ஸானா வாஃபிங்டன், ஸ்டாடிரா பெல்லமி. பெல்லமிக்குப் பாரிஸிலிருந்து புது உடைகள் வந்திறங்கின. அதைப் பார்த்து வாஃபிங்டனுக்குக் கோபம் தலைக்கேறி, மேடையிலிருந்து தன்னைத் துரத்திக்கொண்டே போய்த் திரைக்குப் பின்னால் போகும் அளவில் கொலைக் காட்சியை முடித்தார் என்று பெல்லமி எழுதியிருக்கிறார். கவனியுங்கள், ராக்ஸானா ஸ்டாடிராவைக் குத்திக் கொல்வது நாடகத்திலேயே இருக்கும் காட்சி. கத்தி கதையில் உள்ள கத்தி. காயம்பட்டதாகப் பெல்லமியே சொல்லவில்லை. வாய்க்கு வாய் மாறும்போது அது நிஜக் கத்திக்குத்து ஆகிவிட்டது. இருவருக்கும் ஆகாது என்பது உண்மை. மீதியை எழுதியவர் ஒரே தரப்பு, அதுவும் மறுதரப்பு இறந்து 25 ஆண்டுகள் கழித்து. ஸ்மாக் ஆலி மேடையில் உண்மையாகவே கத்தி பாய்ந்த சம்பவம் ஒன்று உண்டு. அதைச் செய்தவர் வைல்டேரைப் படைத்த அதே ஃபார்குவார். இளம் நடிகராக இருந்தபோது மழுங்கிய கத்திக்குப் பதிலாக நிஜக் கத்தியோடு சண்டைக் காட்சியில் இறங்கி, சக நடிகரைக் காயப்படுத்திவிட்டார். அதன் பிறகு நடிப்பையே விட்டு எழுத வந்தார்.

மேடையில் இறந்தாரா என்ற கேள்விக்கு, இல்லை என்பதே பதில். ஆனால் அவருடைய மேடை வாழ்க்கை முடிந்தது மேடையில்தான். 1757 மே 3, கோவென்ட் கார்டன். ஷேக்ஸ்பியரின் 'உங்கள் விருப்பம்போல்' நாடகத்தில் ரோஸலிண்ட். சைடில் நின்று பார்த்தவர் வில்கின்சன். அவருக்கும் வாஃபிங்டனுக்கும் இடையே மனக்கசப்பு இருந்தது, தன்னைக் கேலி செய்து நடித்துக் காட்டுகிறான் என்று வாஃபிங்டனுக்கு அவர்மேல் கோபம். அப்படிப்பட்டவர் எழுதியும் அந்தப் பக்கத்தில் இரக்கம் மட்டுமே இருக்கிறது. அதனாலேயே அதை நான் நம்புகிறேன். ஐந்தாம் அங்கத்தின்போது உடம்பு சரியில்லை என்றாராம். வில்கின்சன் கை கொடுத்தார், அதைப் பிடித்துக்கொண்டார். உடை மாற்றிக்கொண்டு மறுபடி மேடைக்குப் போனார். நாடகம் முடிந்து ரோஸலிண்ட் தனியாக நின்று பார்வையாளர்களிடம் பேசும் முடிவுரை இருக்கிறது. என் மாணவிகள் எல்லோரும் தடுமாறிய இடம் அது. ஐந்து அங்கம் ஓடிக் களைத்த பிறகு, துணைக்கு ஒருவரும் இல்லாமல், கொட்டகையைச் சிரிக்கவைக்க வேண்டும்.

ஷேக்ஸ்பியர் அந்த முடிவுரையை எழுதியது பெண் வேஷம் போட்ட பையனுக்காக. 'நான் பெண்ணாக இருந்தால், எனக்குப் பிடித்த தாடி வைத்த உங்களில் எத்தனை பேரையும் முத்தமிடுவேன்' என்று வரும். நடிகைகள் வந்த பிறகு அந்த வரி பொருந்தவில்லை. 'உங்கள் நடுவே இருந்தால்' என்று மாற்றிச் சொன்னார்கள். வாஃபிங்டன் அந்த வரிக்கு வந்தபோதுதான் குரல் உடைந்தது. தொடர முயன்றார், முடியவில்லை. 'கடவுளே, கடவுளே' என்று அலறிக்கொண்டு தள்ளாடியபடி கதவை நோக்கி நடந்தார், அங்கே தாங்கிப் பிடித்துக்கொண்டார்கள். கொட்டகை ஒரு கணம் ஸ்தம்பித்து, அப்புறம் அவருக்காகக் கைதட்டியது. பக்கவாதம் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். வில்கின்சனின் வர்ணனையும் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் மருத்துவக் குறிப்பு ஏதும் கிடையாது என்பதால் நோயின் பெயரை அடித்துச் சொல்லமாட்டேன்.

அதன் பிறகு கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் உயிரோடு இருந்தார். லண்டனுக்கு வெளியே தேம்ஸ் கரையில் உள்ள டெடிங்டனில் அவருக்கு வீடு இருந்தது. அந்த ஊர்ப் பெரிய தெருவில் வரிசையாக இருக்கும் பழைய சிறு வீடுகளை ஏழைகளுக்காக அவர் கட்டினார் என்று இன்றும் சொல்கிறார்கள். உறுதியான சான்று இல்லாத ஊர்ப்பேச்சு அது. அவர் கொடுத்த கை என்பதற்கு வேறு சான்று இருக்கிறது. அம்மாவைக் கடைசிவரை காப்பாற்றினார். தங்கை மேரியைப் பிரான்சில் கன்னிமடத்துப் பள்ளியில் படிக்கவைத்தார். அந்தத் தங்கை 1746இல் சோல்மன்ட்லி பிரபுவின் மகனை மணந்தார். 'நடிகையின் தங்கையா' என்று கொதித்துப்போன பிரபு நேரில் சண்டைக்கு வந்ததாகவும், 'நான்தான் கோபப்பட வேண்டும், இதுவரை ஒரு பிச்சைக்காரியைக் காப்பாற்றினேன், இப்போது இரண்டு பேர்' என்று வாஃபிங்டன் சொன்னதாகவும் கதை. அந்தச் சொற்கள் அவருடையவைதான் என்று சத்தியம் செய்யமுடியாது. தங்கை பிறகு ஜான்சன், ஓவியர் ரெனால்ட்ஸ் வட்டத்தில் மதிப்போடு வாழ்ந்தது உறுதி.

இவரைப் பற்றி மேலும் தெரிந்துகொள்ள விரும்பினால் ஓவியங்களிலிருந்து தொடங்குங்கள். ஜான் லூயிஸ் 1753இல், டப்ளின் வெற்றியின் உச்சத்தில் வரைந்தது அயர்லாந்து தேசிய ஓவியக் கூடத்தில் இருக்கிறது. லண்டன் தேசிய உருவப்படக் கூடத்தில் இன்னொன்று, 1758 வாக்கில் வரைந்தது. நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்த காலத்தில், தலையணையில் சாய்ந்தபடி இருக்கும் படம். இணையத்தில் இரண்டையும் பார்க்கலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஐந்தே ஆண்டு இடைவெளி.

1760 மார்ச் 28 அன்று இறந்தார். டெடிங்டன் புனித மேரி தேவாலயத்தில் அவருக்கு ஒரு நினைவுக் கல் இருக்கிறது. மார்கரெட் வாஃபிங்டன், மணமாகாதவர், பிறந்தது 1720 அக்டோபர் 18, வயது 39 என்று அதில் பொறித்திருக்கிறார்கள். நடிகை என்ற சொல் அதில் இல்லை.